சிவப்புக் கோட்டின் சொந்தக்காரருக்கு

வகையறிந்த வல்லவரே! வாயிலில் நின்று வழிமறிப்பதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட வைராக்கியச் செம்மலே! எங்கள் பொறுமையைச் சோதித்தே பெருமை பெற்ற பெரியவரே! வணக்கம்.

நோயாளிக்கு எடைக்கேற்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் கருவிக்கு நாம் கணினி நிரல் எழுதுகிறோம். அதைக் கருவிக்குள் விடுமுன் வரிவரியாகச் சலித்தெடுக்கும் வகைச் சோதனை மென்பொருளை உருவாக்கி, இருபத்திரண்டு ஆண்டுகள் கட்டிக் காத்தவர் தாங்கள். கிலோ வேறு, பவுண்டு வேறு. இரண்டும் எண்தானே என்று கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அது மசியாது. எது என்ன வகை என்று நாங்கள் எழுதாவிட்டாலும், நிரலின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு என்ன போகிறது என்று பார்த்துத் தானே ஊகித்துக்கொள்ளும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிறோம். அது தந்த தலைவலியை மறக்கமாட்டோம்.

ஆனால் ஐயா, தப்பு ஓரிடத்தில், அது போடும் சிவப்புக் கோடு வேறிடத்தில்! மேலே ஒருவர் எடையைப் பவுண்டில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போவார். கீழே கிலோ கேட்ட அப்பாவியின் வரி சிவக்கும். கூடவே அரைப் பக்கத்துக்கு ஒரு செய்தி. அதைப் படித்துப் புரிந்துகொண்டவர் தாங்கள் ஒருவரே. மேலாளர் மேசையைத் தட்டி, "ஒரே ஒரு தடவை விட்டுத் தொலைங்களேன்!" என்று கத்திய நாளில், "மருந்து ஏறப்போற கை யாரோடதுன்னு சொல்லுங்க சார், விட்டுடுறேன்" என்றீர்களே.

அந்தச் செய்தியையாவது மனிதர் பேசும் மொழியில் எழுதுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் மன்றாடினோம். "சரியா எழுதினா செய்தியே வராதே" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

இன்று காலை, தாங்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்ட துணிச்சலில், மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிரலைச் சோதனையில் விட்டோம். கடைசி வரி சிவந்தது. வழக்கம்போல அதை எழுதியவரை எல்லோரும் முறைத்தோம். பிறகுதான் செய்தியைப் படித்தோம்: "இந்த வரியில தப்பில்ல. இத எழுதினவங்கள திட்டாதீங்க. எடை முதல்ல வர்ற இடத்துல போய்ப் பாருங்க. அப்பவும் புரியலன்னா எனக்கு ஃபோன் பண்ணுங்க." கீழே தங்கள் எண். போகுமுன் செய்தியை மாற்றி எழுதிவைத்திருக்கிறீர்கள்!

போய்ப் பார்த்தோம். குழந்தைகள் பிரிவிலிருந்து எடை பவுண்டில் வந்துகொண்டிருந்தது. விட்டிருந்தால் ஏதோ ஒரு பிள்ளைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து ஏறியிருக்கும்.

இதை முன்பே எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா ஐயா? கோபம் இன்னும் தீரவில்லை. அதற்குள் கண் நிறைந்துவிட்டது. எந்தச் சொட்டு மருந்தும் தேவைப்படாத உடலோடு நெடுநாள் வாழுங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

அன்பும் ஆற்றாமையும் குறையாத,
நிரல் பிரிவுப் பணியாளர்கள்