ஈயலம்பத்து மண்

மலாயாவில், தெலுக் ஆன்சன் ரயிலடியில் டிக்கெட்டுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், ஆறு கடலில் சேரும் இடத்துச் சேற்றில் பொறுக்கிய கெராங் சிப்பிகளைக் கூடையில் வைத்திருந்தாள். பத்து காஜா ஊரின் ஈயச் சுரங்கத்தில், அதாவது ஈயலம்பத்தில், வேலை செய்கிற ஒருவர் சட்டையெல்லாம் லம்பத்து மண்ணோடு வந்து விலை கேட்டார்.

"உங்க மண்ண நீங்களே வெலைக்கு வாங்குறீங்களாண்ணே?" என்றாள் அவள்.

"என்னக்கா சொல்றீங்க?"

அவள் ஒரு சிப்பியைப் பிளந்து காட்டினாள். உள்ளே சதை இல்லை, வெறும் சேறு.

"ஈயத்த அலசிட்டு மண்ண ஆத்துல விடுறீங்க. அது கடலடியில வந்து மெத்தை போட்டிருக்கு. கெராங்கெல்லாம் நல்லா தூங்குது, எந்திரிக்கவே மாட்டேங்குது."

"நான் கூலிக்காரன் லா. தொரை சொல்றாரு, செய்றேன்."

"அப்ப தொரைய வந்து பொறுக்கச் சொல்லுங்க. விடிஞ்சதுலேருந்து சேத்துல கெடந்தும் அரைக் கூடைதான். என் பொழப்பே போச்சு."

அவர் தலையைச் சொறிந்தார். "வீட்டுல மாசமா இருக்கா அக்கா. கெராங்தான் வேணும்னு ஒரே அடம்."

அவள் கூடையைக் கிளறினாள். உயிரோடு இருந்தவற்றை மட்டும் பார்த்துப் பொறுக்கி, வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள்.

"இத ஆக்கிக் குடுங்க. அடுத்த புள்ளைக்கு மசக்கை வந்தா, ஈயத்த அவிச்சுக் குடுங்க."