வேலைக்கொரு சாட்

– நம்ம கடையில கர்ட்டன் தைச்சு வாங்கின டீச்சரம்மா கேட்டது, அதை எப்படித் துவைக்கிறதுன்னு. நம்ம ஏஐ எழுதிக் கொடுத்த பதில் என்ன தெரியுமாடி? "தண்ணியை அளவா எடுத்துக்கங்க, உப்பை அறவே குறைங்க." நானும் படிச்சுப் பார்க்காம அனுப்பித் தொலைச்சுட்டேன்.

– ஐயோ அக்கா, அது டாக்டர் எனக்குச் சொன்னதாச்சே.

– உன் சாப்பாடு, கடை ஆர்டர், டெய்லருங்க லீவு, எல்லாத்தையும் ஒரே சாட்ல கொட்டினா அதுதான் என்ன பண்ணும், பாவம். கையை ஆட்டாதே, ஊசி நழுவிடும்.

– ஆட்டலை. டயாலிசிஸ் முடியுற வரைக்கும் எனக்கு வேற என்ன வேலை? லேப்டாப்பை இப்படித் திருப்பு, பார்க்கலாம்.

– பாரு, தனித்தனியாப் பிரிச்சுட்டேன். இது ஆர்டர், அளவும் துணியும் மட்டும். இது டெய்லருங்களுக்கு. இது உன் சாப்பாடு, மாத்திரை. இங்கே பேசுறது அங்கே கலக்காது.

– அதெல்லாம் சரி. ஒவ்வொண்ணுலயும் ஆரம்பத்துல எதுக்கு இவ்வளவு நீளமா எழுதியிருக்கே? "நம்முடையது கர்ட்டன் தைக்கும் கடை. மடிப்புக்காக ஜன்னலைப்போல் இரண்டு மடங்கு துணி எடுக்க வேண்டும்." தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லுவியே நீ.

– நான் சொல்லுவேன். உன் வீட்டுக்காரர் சொல்லணுமே.

– அவரா? அவருக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம்?

– ஆபீஸ்ல லீவுக்கு எழுதிக் கொடுத்துட்டாரு. அடுத்த மாசம் கடை அவரு பொறுப்பு.

– அவருக்குக் கர்ட்டனுக்கும் போர்வைக்கும் வித்தியாசம் தெரியாதுக்கா.

– அதுக்குத்தானே இவ்வளவும் எழுதி வெச்சேன்.

– அதானே பார்த்தேன். கொஞ்ச நாளா நீயும் சொல்லாம கொள்ளாம எங்கேயோ போயிட்டுப் போயிட்டு வர்றே. வேற வேலை கிடைச்சிருக்கா? மறைக்காதேக்கா, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். கடையையும் இழுத்துக்கிட்டு, என்னையும் இங்கே கூட்டிட்டு அலைஞ்சுக்கிட்டு... உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா?

– வேலையும் இல்லை, ஒண்ணும் இல்லை. முன்னாடியே சொல்லி, சரிவரலைன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னுதான் வாயைத் திறக்கலை.

– எது சரிவரலைன்னா? நீ எங்கேதான் போறே?

– உன் பக்கத்துக் கட்டிலுக்கு. டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுதுடி, என் கிட்னி உனக்குப் பொருந்துதாம்.