சர்க்கரை இல்லாத பத்து நாள்

புருஷன் இல்லண்ணே, தம்பி! தம்பி! இந்த ஆஸ்பத்திரியில இப்படிக் கேட்ட மூணாவது ஆளு நீங்க. அந்தக் கவுன்ட்டர் அம்மாவும் என் மூஞ்சிய நல்லா பாத்துட்டு, "கணவர்தானே?"ங்கறாங்க. பதினேழு வயசுண்ணே எனக்கு! மீசையே இப்பத்தான் யோசிச்சு யோசிச்சு வருது. படிப்ப விட்டுட்டு சும்மாத்தானே இருக்கேன்னு அக்கா துணைக்கு இழுத்துட்டு வந்துடுச்சு.

அதுக்கு முப்பத்தி நாலு. கல்யாணம் ஆகல. இன்னிக்கு உள்ள கருமுட்டைய எடுத்து உறைய வைக்கறாங்க, பின்னால குழந்தை வேணும்னா உதவும்னு. என்ன முழிக்கறீங்க? நானும் முழிச்சேன். "நம்ம ஃப்ரீசர்ல இடமேது, கரண்ட் போனா என்னா ஆகும்?"னு கேட்டு ஒரு குட்டு வாங்கினேன். அது இங்கயே இருக்குமாம்.

சித்திகிட்ட, யாரோ தோழி பண்ணிக்கிட்ட மாதிரி சொல்லிப் பாத்துச்சு. "அதெல்லாம் சினிமாக்காரிங்க வேலை. ஒருத்தனப் பாத்துக் கட்டிக்கிட்டா ஆகாதா?"ன்னாங்க. ஒருத்தனா? பதினோரு பேரப் பாத்தாச்சுண்ணே! அதோட அக்கா அம்மாகிட்ட வாயே திறக்கல.

இப்பக் கேளுங்க கூத்த. பத்து நாளா வயித்துல ஊசி. மருந்து ஃப்ரிட்ஜுல, தக்காளிக்குப் பின்னாடி. முதல் நாளே அம்மா கண்ணுல பட்டுடுச்சு. ஊசி, அதுவும் வயித்துல... பொண்ணுக்குச் சர்க்கரை வியாதின்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க! அக்காவும் தப்பிச்சோம்டான்னு தலையாட்டிடுச்சு. எங்க தப்பிக்கறது? அன்னையிலிருந்து அக்காவுக்குச் சர்க்கரை போடாத வெறும் டீ. துணைக்கு எனக்கும் வெறும் டீ! அம்மாவும் அதையே குடிச்சுட்டு சமையல்கட்டுல மூக்க உறிஞ்சிக்கிட்டு நிக்கறாங்க. வயிறு உப்பி உக்காரவே முடியாதவள, மாடிப்படி ஏறி இறங்குங்கறாங்க!

எங்கண்ணே எழுந்திரிக்கறீங்க? உக்காருங்க, உங்க வீட்டம்மாவ இன்னும் கூப்பிடல.

இன்னிக்கு இங்க சர்க்கரை டெஸ்ட்டுன்னுதான் வீட்ல சொல்லிட்டு வந்தோம். முக்கா மணி நேரத்துக்கு முன்னாடி அம்மா போன். "ரத்தம் பாத்தாங்களா? எவ்வளவுடா? கால எடுக்கணும்ங்கறாங்களா, மறைக்காம சொல்லு"ன்னு ஒரே அழுகை. காலண்ணே! எவ்வளவுதான் புளுகறது? சர்க்கரையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மான்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்.  அந்தப் பக்கம் அடுப்புல ஏதோ கொதிக்கற சத்தம். திட்டப்போறாங்கன்னு போன காதுலேருந்து தள்ளிப் பிடிச்சேன்.

"அப்ப, பத்து நாளா புள்ளைக்கு வெறும் டீயா குடுத்தேன்?"னாங்க. அப்புறம், "எந்த மாடிடா?"ன்னாங்க.

அதோ லிஃப்ட்டு... அம்மாதான். கையில ஃபிளாஸ்க்கு.

உள்ள போறப்ப அக்கா எங்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதாண்ணே. அம்மா கூப்பிட்டா எடுக்காதடான்னுச்சு.