சனத்தொகையில் ஒன்று

பதுளையிலிருந்து மடுல்சீமை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பசறை தாண்டியதும் மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"சனத்தொகைன்னா பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டுந்தான் போல."

"ஏங்க்கா?"

"கணக்கெடுக்க வந்த ஐயா அவ வீட்டுல 'வேற யாரு, வேற யாரு'ன்னு கேட்டுக் கேட்டு ஒம்பது பேர எழுதினாரு. என் வீட்டுல ஒரு தடவதான் கேட்டாரு."

"ஒங்க புள்ளைங்க மூணு பேரும்?"

"அவங்கள கொழும்புல எண்ணிக்குவாங்களாம்."

"அவளும் பாவம்க்கா. தோட்டத்து லய வீட்டுல ஒரே காம்பரா, ஒம்பது பேரு. படுக்க எடமில்லாமத்தானே சின்னவள ஒங்க வீட்டுக்கு அனுப்புறா?"

"அதத்தான் நானும் சொன்னேன். ரெண்டு வருசமா எங்கூடத்தான் படுக்குது, அவள என் வீட்டுல எழுதுங்கன்னேன். தாய்க்காரி ஓடி வந்து, 'அது எம்புள்ள'ன்னு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. ஐயாவும் அங்கயே எழுதிட்டாரு."

இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இப்ப புள்ள எங்க படுக்குது?"

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க படுக்கும்? அன்னைக்குச் சாயங்காலமே பாயோட எங்கிட்ட அனுப்பிட்டா. அதான் எழுதி முடிச்சாச்சே."