நான் நிறுத்தாத இரண்டரை நிமிடம்

மேலே குறித்திருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது 21. பல்கலைக்கழகத்தில் சினிமா வரலாறு, கோட்பாடு, தயாரிப்பு ஆகியவற்றை மூன்றாம் ஆண்டாகப் படித்து வருகிறேன். என் அப்பா கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அம்மா தையல் கம்பெனியில் பட்டன் வைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் துறை ஸ்டுடியோவின் லைட்மேன் மீது சித்தப்பா இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் சம்பந்தமாக, யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

என் இறுதியாண்டுப் படம் ஆறு நிமிடம் ஓடும் ஒரே ஷாட். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து மகளுக்காகக் காத்திருக்கிறார், மகள் வருவதில்லை, அவ்வளவுதான் கதை. ஷாட்டை வெட்டாமல் விட்டால் திரையில் இருப்பவரின் நேரம் அவருக்கே சொந்தமாக இருக்கும் என்று கோட்பாட்டுத் தாளில் எழுதி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியிருந்தேன். நடிக்க வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் வரவில்லை. அதனால் அப்பாவை அழைத்தேன். அவர் ஒரு நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு ஸ்டுடியோவுக்கு வந்தார்.

லைட்மேன் அவரைப் பார்த்து, "என்ன பெயிண்டரே, ஹீரோ ஆயிட்டீங்க போல" என்றார். "மூஞ்சிக்கு ரெண்டு கோட்டு அடிச்சு விடுங்க, ஹீரோதான்" என்றார் அப்பா. அதன் பிறகு மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். மூன்று முறையும் அப்பா பெருமூச்சு விட்டார், நெற்றியைத் தேய்த்தார், வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். "அப்பா, நடிக்காதீங்க. சும்மா இருங்க, போதும்" என்றேன். "சும்மா இருன்னா எப்படிம்மா? பழக்கமே இல்லையே" என்றார். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டதை அப்போது பார்த்தேன். அதுவும் நடிப்பு என்று நினைத்து, அதையும் செய்ய வேண்டாம் என்று சொன்னேன்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு விதி உண்டு. ஷாட் ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. 'கட்' சொல்லும் உரிமை இயக்குநருக்கு மட்டும். முதலாண்டில் ஒரு மாணவன் இருமி ஷாட்டைக் கெடுத்ததற்காக அவனை ஒரு வாரம் வெளியே நிறுத்தினார்கள். அன்று இயக்குநர் நான். வகுப்பில் வருகை சொல்வதற்குக்கூட எனக்குக் குரல் எழும்பாது. அன்று ஒன்பது பேர் என் வார்த்தைக்காக மூச்சை அடக்கி நின்றார்கள்.

பதினொன்று பத்துக்குக் கேமரா ஓடத் தொடங்கியது. இனி நான் சொல்லும் நேரம் எல்லாம் மானிட்டரில் ஓடிய கணக்கு. இரண்டாவது நிமிடம் ஐம்பதாவது விநாடியில் காட்சிக்காக அப்பா கையில் கொடுத்திருந்த டம்ளர் சாய்ந்து தண்ணீர் சட்டையில் கொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. தலை லேசாக ஒரு பக்கம் சரிந்தது. நான் சொன்னதை அப்பா கடைசியில் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று நாற்பதில் ஏணி மேலிருந்து லைட்மேன், "பாப்பா, அப்பாவைப் பாரு" என்றார். நான் திரும்பாமல் உள்ளங்கையைக் காட்டி அவரை அடக்கினேன். அதன் பிறகு அவர் ஏணியிலிருந்து இறங்கி என் அருகில் வந்து, "நிறுத்தும்மா, ஆளு சரியில்ல" என்றார். "ஃப்ரேமுக்குள்ள வராதீங்கண்ணே!" என்று கத்தினேன். அந்த ஸ்டுடியோவில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு முறைதான். அது ஒலிப்பதிவில் இருக்கிறது. இருபது வருடமாக அந்த விதிக்குப் பழகியவர், ஃப்ரேமின் ஓரத்தில் தயங்கி நின்றார். ஐந்து இருபத்தைந்தில் மீறி உள்ளே ஓடினார். ஓடிய வேகத்தில் விளக்கு ஸ்டாண்ட் சாய்ந்தது. அவர் தாங்கிப் பிடிப்பதற்குள் அப்பா கீழே சரிந்துவிட்டார்.

மருத்துவமனையில் டாக்டர், "எப்ப ஆரம்பிச்சதுன்னு தோராயமா சொல்லுங்க" என்றார். நான் விநாடி உட்படச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மாரடைப்பு என்றும், உயிர் வழியிலேயே போய்விட்டது என்றும் சொன்னார்.

அதன் பிறகு, சாய்ந்து கிடந்த ஸ்டாண்டையும் இரும்பு நாற்காலியையும் பார்த்த சித்தப்பா, கரண்ட் கசிந்துதான் அண்ணன் செத்தார் என்று புகார் கொடுத்தார். அம்மாவும் அதில் கையெழுத்துப் போட்டார். லைட்மேன் ஒன்பது நாளாக உள்ளே இருக்கிறார். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "ஒயர் விஷயம்னு போறது எல்லாருக்கும் நல்லது. நீ வாயத் தொறக்காம இரும்மா, பரீட்சை எழுதணும்ல" என்றார். லைட்மேனின் மனைவியை நான் போய்ப் பார்த்தேன். "அந்தப் புள்ள எதுவும் சொல்லி மாட்டிக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு" என்றார்.

கரண்ட் எதுவும் கசியவில்லை. ஸ்டாண்ட் சாயும் முன்பே அப்பாவுக்கு நினைவு இல்லை. அவரைக் காப்பாற்ற முயன்றது லைட்மேன், தடுத்தது நான். ஷாட் பதிவான கார்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதற்கு வேறு பிரதி இல்லை.

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், வாசிக்க வராது. அதனால் வெளியே பெஞ்சில் இருந்த அவரை உள்ளே அழைத்து, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டும்படி நான் கேட்க, காவலர் வாசித்தார். புகாரைத் திரும்பப் பெறச் சம்மதமா என்று அம்மாவிடம் கேட்கப்பட்டது. அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். என்னைக் கூப்பிடாமல் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார். நான் எந்த வீட்டுக்குப் போவேன் என்று அதிகாரி கேட்டார்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொன்னவை அல்ல. வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
பெயிண்டரின் மகள்