சோறு இறங்காத மாதங்கள்

"ஓடுங்கோ! கடற்கரைப் பக்கம் ஓடுங்கோ!"

அம்மாவின் குரல். குசினி வாசலில் நிற்கிறார். கையில் குழையல் சட்டி. என் வாயில் சோறு.

ஆடி மாதம். எண்பதுகளின் தொடக்கம். மத்தியானம். எங்கள் வீடு திருகோணமலைத் துறைமுகத்தின் உள்கரையில். முதலில் கேட்டது தகரம். கூரைத் தகரம் சூட்டில் நெளியும்போது தட், தட் என்று இரண்டு முறை அடிக்கும். பிறகு நீளமாகக் கிறீச்சிடும். அடுத்தது கண்ணாடி. அதற்கும் பிறகுதான் வீடுகளுக்குத் தீ வைத்துக்கொண்டு வருகிற ஆட்கள் கத்துகிற சத்தம். அது எங்கள் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது.

ஒரு நிமிடத்துக்கு முன் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். மிஞ்சிய சோறு, பருப்பு, மீன் குழம்பு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் குழைத்து, உருண்டை பிடித்து, அம்மா ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். முதல் உருண்டை எப்போதும் இளையவளுக்கு. என் தங்கை சுகந்திக்கு. அன்றைக்கு மட்டும் முதல் உருண்டை எனக்கு வந்தது. நான் ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளர். வேலைக்குத் திரும்ப வேண்டும்.

"டியூட்டிக்காரருக்கு முதல் மரியாதையோ?" என்றாள் சுகந்தி.

"உனக்கும் வரும், பொறு."

வரவில்லை.

ஓடுகிறோம். நான் முன்னால். சுகந்தி பின்னால். திரும்பிப் பார்க்கிறேன். அம்மா மாட்டுக் கொட்டிலை நோக்கிப் போகிறார்.

"மாட்டை அவிட்டுப்போட்டு வாறன். நீங்கள் போங்கோ!"

கரையில் சலீம் காக்காவின் தோணி. கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவருகிறவர். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் மீன். எங்களைத் தூக்கித் தோணிக்குள் போட்டார். அம்மாவுக்காகக் காத்து நின்றார். எங்கள் கூரை அடிக்கத் தொடங்கியது. தட், தட். சுகந்தி "அம்மா" என்று ஒரே மூச்சில் கத்தினாள். அவர் தோணியைத் தள்ளினார்.

"குனிங்க தங்கச்சி! தலையத் தூக்காதீங்க!"

நடுக்கடலில் என்னைப் பார்த்தார். கன்னம் புடைத்திருந்தது.

"வாயில இருக்கிறதத் துப்புங்க! விக்கப்போவுது!"

நான் துப்பவில்லை. கிண்ணியா மணலில் கால் வைத்த பிறகு விழுங்கினேன். அதில் சுவை இல்லை. தொண்டை வலித்தது.

திரும்பி வந்து, அம்மாவை நான்தான் அடையாளம் காட்டினேன். சுகந்தியை வரவிடவில்லை. கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தார். மாடு உப்புவெளி றோட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில் கயிற்றின் மிச்சம். அறுந்த கயிறு இல்லை. முடிச்சை ஒழுங்காக அவிழ்த்திருந்தார்.

அந்த மாட்டின் மீது எனக்குப் பொறாமை வந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சாட்சி சொல்லும்போது ஒழுங்கானதை மட்டும் சொல்ல ஏலாது. அம்மாவின் கடைசி வேலை அந்த மாடு. அம்மாவின் விரல் கடைசியாகத் தொட்டது அதன் கழுத்தை.

உப்புவெளியில் சின்னம்மா வீட்டில் தங்கினோம். சுகந்தி தூங்கவில்லை. தகரம் வைத்த கதவை யாராவது இழுத்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். நெஞ்சு படபடக்கும். கை குளிரும். படலைக்கு வெளியே கால் வைக்கமாட்டாள். நான் அழவில்லை. ஆய்வுகூடம் போனேன். நிவாரண அட்டை எடுத்தேன். மரணப் பதிவு எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் காட்டி, "அவவைப் பாருங்கோ, கல்லு மாதிரி நிக்கிறா" என்றார்கள். புகழ்ந்துதான் சொன்னார்கள்.

கல்லுக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் வைத்தால் தொண்டை மூடிக்கொள்ளும். சட்டை தோளிலிருந்து வழுகத் தொடங்கியது. என் இரத்தத்தை நானே எடுத்து நானே சோதித்தேன். குருதிச்சோகை கொஞ்சம். வேறு ஒன்றும் இல்லை. தைரொயிட் சரி. தொண்டைக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அடைப்பு இல்லை. படம் எடுத்தார்கள். அதிலும் இல்லை. வைத்தியர் கடைசியாகச் சொன்னார்: "இப்பிடியே மெலிஞ்சா ஆசுபத்திரி வாட்டிலை மறிச்சு வைச்சு, மூக்கால குழாய் விட்டுத்தான் சாப்பாடு குடுக்கவேணும்." திரும்பவும் இரத்தம் எடுத்தேன். இயந்திரத்தில் பிழை இருக்கலாம் என்று நினைத்தேன்.

சுகந்திக்குச் சின்னம்மா நூல் கட்டினார். சலீம் காக்காவின் மனைவி ஓதிய தண்ணீர் கொடுத்துவிட்டார். இரண்டையும் அவள் மறுக்கவில்லை. தூக்கம் மட்டும் வரவில்லை. அப்போதுதான் ஒருவர் வருவதாகக் கேள்விப்பட்டோம். உளவியல் படித்தவர். இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து, தேவாலய விறாந்தைக்குப் பக்கத்து அறையில் இருப்பார். ராஜி மிஸ். ஊரார் வைத்த பெயர் கதை டொக்டர்.

"விசர் எண்டு பேர் வந்தா இவளை ஆர் கட்டுவான்?" என்றார் சின்னம்மா.

பக்கத்து வீட்டு மாமி சிரித்தார். "கதைச்சு வருத்தம் மாறுமெண்டால் எங்கட மீன் சந்தையில ஒருத்தருக்கும் வருத்தம் இருக்காதே!"

நானும் சிரித்தேன். என்றாலும் கூட்டிக்கொண்டு போனேன். வேறு வழி இருக்கவில்லை. யாரும் கேட்டால் பல்லு வைத்தியம் என்று சொல்வதாக ஏற்பாடு.

நான் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருப்பேன். கதவு சாத்தியிருக்கும். முதல் நாள் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த முறை அழுகை. பிறகு ஒரு சனிக்கிழமை, உள்ளே சுகந்தி சிரித்தாள். ஒரு சிறு சிரிப்பு. மூக்கால் வருகிறது. எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஆடி மாதத்துக்குப் பிறகு அதை நான் கேட்கவில்லை. அவளை நெஞ்சோடு பிடித்துக் கடல் கடந்தவள் நான். அவளுக்குத் தலை வாரியவள் நான். சிரிப்பு வேறொருத்திக்குப் போகிறது.

அவள் தூங்கத் தொடங்கினாள். தகரக் கதவு இழுபட்டால் கையைப் பார்த்து மெதுவாக மூச்சு விடுவாள். கட்டிலுக்குக் கீழே போகவில்லை. படலை வரை போனாள். கடை வரை போனாள். நான் பக்கத்துப் பாயில் கிடந்து அவள் மூச்சைக் கேட்பேன். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எரிச்சலாக இருந்தது. உடைந்தவளுக்கு ஆள் இருக்கிறது. உடையாதவளுக்கு யார்?

ஒரு சனிக்கிழமை சுகந்தி வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். இருக்கச் சொல்லுமுன் கதிரையில் இருந்தேன்.

"சுகந்தி என்னைப் பற்றி என்ன சொல்லுறவ?"

"அவ சொன்னது அவவின்ர. உங்களுக்குச் சொல்ல ஏலாது."

"நான் அவவின்ர அக்கா."

"ஓம். அதுக்காகவும் சொல்ல ஏலாது."

எழுந்து வந்திருப்பேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். கழுத்துப் பட்டியை ஊசியால் இறுக்கியிருந்தேன். "நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லலாமே," என்றார்.

கைப்பையிலிருந்து பரிசோதனை முடிவுகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் வாசித்தார்.

"நான் மருந்து எழுதுற ஆள் இல்லை. உங்கட டொக்டர் பாக்கிறதை அவர் பாக்கட்டும். இதில ஒரு கேள்வி. பாண் இறங்குதா?"

யோசித்தேன். இறங்கியது.

"கஞ்சி?"

இறங்கியது.

"இடியப்பம்?"

இறங்கியது. சோறு மட்டும்தான். அதிலும் குழம்பு ஊற்றிக் குழைத்த சோறு என்றால் மணத்துக்கே தொண்டை மூடும். என் இரத்தத்தில் உள்ள அத்தனையும் எனக்குத் தெரியும். எது இறங்குகிறது, எது இறங்கவில்லை என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஆய்வுகூடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே பிரித்துப் பார்ப்பதுதான்.

"தொண்டையில கட்டி இல்லை. ஆனால் இறுக்கம் பொய்யும் இல்லை," என்றார். "பயத்தில தசை இறுகும். ஓடேக்க அது உங்களைக் காப்பாத்தினது. ஓட்டம் முடிஞ்செண்டு அதுக்கு இன்னும் தெரியேல்லை."

அன்றைக்குத் தோணியைப் பற்றிச் சொன்னேன். வாயில் இருந்த சோற்றைப் பற்றி. சொல்லும்போது தொண்டை மூடியது. அவர் அவசரப்படுத்தவில்லை. கால் நிலத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது.

பிறகு இருவரும் தனித்தனியாகப் போனோம். எனக்குத் தந்த வேலைகள் சின்னவை. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருக்க வேண்டும். சாப்பிடத் தேவையில்லை. இறுக்கம் எவ்வளவு என்று பத்துக்குள் சொல்ல வேண்டும். அது இறங்கும் வரை மூச்சை நீட்டிவிட வேண்டும். பிறகு ஒரு பருக்கை. சில நாள் முன்னேற்றம். சில நாள் வாந்தி. ஒருமுறை கோப்பையைத் தள்ளிவிட்டு, இது வேலைக்காகாது என்று அவரிடமே சொன்னேன். "இண்டைக்கு ஆகேல்லை," என்றார்.

ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் கேட்டு, இருவரும் சம்மதித்த பிறகு, ஒன்றாக இருத்தினார். அக்காவிடம் சொல்ல விரும்புவது உண்டா என்று சுகந்தியிடம் கேட்டார். நான் நன்றியை எதிர்பார்த்தேன். உண்மையில் எதிர்பார்த்தேன்.

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு உங்களில எரிச்சல் அக்கா. நீங்கள் அம்மாவை வாயில வைச்சுக்கொண்டு வந்தனீங்கள். நான் வெறுங்கையோட வந்தனான்."

வெளியே ஒரு சைக்கிள் மணி.

"என்னை அம்மாவைப் பாக்கவும் விடேல்லை. அதையும் நீங்கள்தான் பாத்தனீங்கள். எல்லாம் உங்களுக்குத்தான்."

வாயில் இருந்த சோறும் அம்மா கிடந்த கோலமும் நான் தனியே சுமந்த இரண்டு பாரங்கள். அவள் அவற்றை என் சொத்தாகப் பார்த்திருக்கிறாள். நான் அவள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோலவே அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அழுதேன். சத்தமாக. வாங்கில் காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். பல்லு வைத்தியம் என்ற கதை அன்றோடு முடிந்தது. அம்மா எப்படிக் கிடந்தார் என்று அவளிடம் முழுக்கச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அன்றிரவும் அவள் தூங்கினாள் என்பதையும் எழுதவேண்டும்.

சோறு அன்றைக்கு இறங்கவில்லை. அதற்கும் பல வாரம் கழித்து, ஆசுபத்திரிக் கன்ரீனில், மலேரியாக் காய்ச்சல் கூடிய ஒரு நாளில், ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டிய இரத்த மாதிரிக் கண்ணாடிகள் இன்னும் எத்தனை மிச்சம் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். குனிந்து பார்த்தேன். சோற்றுக் கோப்பை வெறுமை.

தகரச் சத்தத்துக்கு இன்றும் திடுக்கிடுகிறேன். பொறாமையும் முழுதாகப் போகவில்லை. சுகந்தி ராஜி மிஸ்ஸைப் பற்றி ஆசையாகக் கதைத்தால் முகம் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் இதை வாசிக்கிறவர்களில் சோறு இறங்காதவர், தூக்கம் வராதவர், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறவர் இருந்தால், டொக்டரிடம் காட்டுங்கள். அங்கே ஒன்றும் அகப்படாவிட்டால் நோய் இல்லை என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்ட ஒருவரிடமும் போங்கள். விசர் என்பார்கள். சொல்லட்டும்.

இனி இழந்தவை.

அம்மா. வயது நாற்பத்தொன்பது. வீடு. மாட்டுக் கொட்டில். கன்றுக்குட்டி, அது கிடைக்கவில்லை. அலுமாரியோடு எங்கள் உடுப்பு முழுவதும். தையல் மெசின். அப்பாவின் ஒரே படம். பக்கத்து வீட்டுக் கிழவரும் அவர் மகனும். கிணற்றடித் தென்னை மூன்று. சுகந்தியின் ஒரு வருடப் படிப்பு. என் உடம்பில் இருபது இறாத்தல், பதினொன்று திரும்பியிருக்கிறது.

எழுதியதைச் சுகந்திக்கு வாசித்துக் காட்டினேன். இந்தப் பட்டியலில் எங்கள் வீட்டில் போன ஆள் எத்தனை என்று கேட்டாள். ஒருவர், என்றேன்.

"பிழை. ரெண்டு பேர்."

"மற்றது ஆர்?"

"நீங்கள். கல்லு மாதிரி நிண்ட அந்த மாதங்கள். எனக்கு அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை."

திருத்துகிறேன். எங்கள் வீட்டில் போனவர்கள் இருவர். திரும்பி வந்தவர் ஒருவர்.