மூன்றாவது பட்டை

காங்கிரீட்டுக்கு நடுவே கல் பதிப்பது பார்க்க எளிதான வேலைதான். கேட்டிலிருந்து கார் நிறுத்தும் இடம்வரை காங்கிரீட் போட்டு, இடையிடையே இரண்டு சாண் அகலத்துக்குப் பட்டை விடவேண்டும். அதில் ஜல்லி, மேலே மணல், அதற்கு மேல் கல். காங்கிரீட் அசையாது அய்யா. அடியில் ஏதாவது தளர்ந்தால் கல் மட்டும் பள்ளமாகிவிடும். முப்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு.

இது என் சொந்த வீட்டு வேலை. மனைவி போனபிறகு மகளை ஒண்டியாக வளர்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் என்னோடுதான் இருந்தார்கள். மாப்பிள்ளை தங்கமான ஆள், அதை மறைக்கமாட்டேன். வெளியூரில் வேலை கிடைத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

"நீங்களும் வந்துடுங்க மாமா, உங்களை விட்டுட்டு அவ எப்படி இருப்பா?" என்றார். ஒப்புக்குக் கூப்பிடுவது எனக்குத் தெரியாதா?

அந்த வாரம் முழுக்க வாயில் சாப்பாடு வைக்க முடியவில்லை. அவள் பெட்டி அடுக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அவள் இல்லாத வீட்டில் செத்துப்போவேன் என்று நம்பினேன்.

மூன்றாவது பட்டையை மட்டும் இடுப்பளவு தோண்டினேன்.

"என்ன மாமா, பீரோவையே புதைக்கலாம் போலிருக்கே!" என்று சிரித்தார் மாப்பிள்ளை.

"மழைத்தண்ணி உள்ள போகணும்ல" என்றேன்.

மறுநாள் காலை மகள் வேலைக்குப் போயிருந்தாள். எனக்கு ஒத்தாசையாக மட்டத்துக்கு நூல் பிடிக்கக் குனிந்தார் மாப்பிள்ளை. என் கையில் இருந்தது கல் தட்டும் ரப்பர் சுத்தியல். அது உதவாது என்று வைத்துவிட்டு, உள்ளே போய் இரும்புச் சுத்தியலை எடுத்துவந்தேன். நூலை விடாமல் அதே இடத்தில் குனிந்திருந்தார். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. ஒருக்களித்துப் படுக்க ஓர் ஆளுக்கு இரண்டு சாண் போதும். மாலைக்குள் கல் பதித்து, இடுக்கில் மணல் கூட்டி முடித்தேன். அவர் போனிலிருந்தே மகளுக்கு, 'என்னைத் தேடாதே' என்று அனுப்பினேன்.

அவள் அழுதாள். ஆனால் வீட்டில் இருந்தாள்.

இரண்டாம் மாதம் அந்தப் பட்டையில் பள்ளம் விழுந்தது. கல்லைப் பெயர்த்து மணல் போட்டு மட்டம் பார்த்தேன். மறுபடி பள்ளம். மூன்று முறை செய்தேன். மகள் வாசலிலேயே நிற்பாள்.

"விடுங்கப்பா, முட்டி வலியோட எதுக்கு? அவரு வந்தா சரி பண்ணுவாரு" என்பாள்.

போன வாரம் நான் வெளிவேலைக்குப் போயிருந்தபோது, எனக்குச் சிரமம் வேண்டாமென்று, என்னோடு வேலை செய்யும் கொத்தனாரை அவளே வரவழைத்திருக்கிறாள். மேலாக மணல் போட்டால் நிற்காது, அடிவரை தோண்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறார் அவர். வேலை தெரிந்தவர், அவர்மேல் தப்பில்லை. தோண்டும்போது அவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

அவள் தோழி வீட்டில் இருக்கிறாள், என் பெயரைச் சொன்னாலே நடுங்குகிறாள் என்கிறீர்கள். பயந்திருப்பாள், பாவம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள் அய்யா. குழி இப்போது காலி. ஜல்லியை மூன்று அடுக்காகப் போட்டு இடிக்கச் சொல்லுங்கள், இனிப் பள்ளம் விழாது. தைரியமாக வீட்டுக்கு வரலாம்.